ஒன்பதாம் பெட்டியின் பசி

ஒலெகாரியோவுக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையை ஐம்பத்தெட்டு வயதில் ஒரு தடவை செய்து பார்த்தார். அதனால் எங்கள் ஊர் ரிபெய்ரோ டோர்ட்டோவுக்கு ஒரு வருஷம் முழுக்கச் சிரிக்க விஷயம் கிடைத்தது. நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன், அவர் மகளுக்கு ஞானத்தகப்பன், அவரைப் போலவே தேன்பெட்டி வைத்துப் பிழைப்பவன். பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அவரும் அவர் மனைவி டோர்வலினாவும் என் வீட்டு விறகடுப்பருகில் உட்கார்ந்து, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து சொன்னார்கள்.

எங்கள் மலைச்சரிவெல்லாம் தைலமரம். காகிதக் கம்பெனி நட்டது. மரம் அவர்களுக்கு, பூ எங்களுக்கு என்பது பேசாமலே வந்த ஏற்பாடு. மார்ச்சில் பூக்கத் தொடங்கினால் ஜூன் வரை தோப்பே ரீங்காரமாக இருக்கும். அந்தத் தேனை நம்பித்தான் எங்கள் சங்கத்தின் நாற்பது குடும்பமும் இருக்கிறது. கம்பெனி இப்போது மரபணுவில் கைவைத்த ஒரு புதுத் தைலமரத்தைக் கொண்டுவந்திருந்தது. ஏழு வருஷத்தில் வெட்டுகிற மரத்தை ஐந்தே வருஷத்தில் வெட்டலாமாம். ஊரெல்லாம் நடுவதற்கு முன் சோதித்துப் பார்த்தாக வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பை மட்டும் வேலி போட்டு வளர்த்தார்கள். அது பூக்கும் பருவம் வந்ததும் அரசாங்கத்தின் சார்பில் சோதனை செய்ய டாக்டர் மரிஸ்தெலா வந்து சேர்ந்தார்.

மரிஸ்தெலா குள்ளமான பெண்மணி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மரத்தடியில் வலை கட்டி, விழுகிற விதையை ஒன்று விடாமல் எண்ணுவார். வேலிக்கு வெளியே குனிந்து குனிந்து நடந்து, புதுக்கன்று ஏதாவது தானாக முளைத்திருக்கிறதா என்று தேடுவார். ஓடைத் தண்ணீரைக் குப்பியில் பிடிப்பார், மண்ணைத் தோண்டி டப்பாவில் போடுவார். இதையெல்லாம் அவரே செய்துகொள்வார். தேனீ விஷயத்துக்கு மட்டும் ஊர்க்காரர் ஒருவர் வேண்டும் என்றார். சங்கத்தில் எல்லோரும் ஒலெகாரியோவைக் கை காட்டினோம்.

ஏற்பாடு இதுதான். மொத்தம் பன்னிரண்டு பெட்டி. ஒன்று முதல் ஆறு வரை பழைய மரத்தோப்பில். ஏழு முதல் பன்னிரண்டு வரை மலைக்கு அந்தப் பக்கம் புது மரத்தோப்பில். சனிக்கிழமைதோறும் பெட்டிகளை மூன்று கழி நட்டுத் தொங்கவிட்ட தராசில் மாட்டி எடை எழுத வேண்டும். பூ நல்ல பூ என்றால் எடை ஏறும், இல்லையென்றால் இறங்கும். முதல் நாள் ஒலெகாரியோ வீட்டுச் சமையலறையில் மூன்றாவது கட்டங்காப்பியைக் குடித்துக்கொண்டே மரிஸ்தெலா சட்டம் போட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"பெட்டியத் திறக்கக் கூடாது. எடம் மாத்தக் கூடாது. முக்கியமா, எதையும் ஊட்டக் கூடாது. பாகு, வெல்லம், ஒண்ணும் கெடயாது. சரிங்களா?"

"பசிச்சாக்கூடவா?" என்று அடுப்படியிலிருந்து டோர்வலினா கேட்டாள்.

"பசிச்சாலும்தான், டோனா டோர்வலினா. அதுக்குப் பசிக்குதா இல்லியான்னு பாக்கத்தானே நான் வந்திருக்கேன்."

"புள்ள பெத்தவ பேசுற பேச்சா இது?"

"எனக்குப் புள்ள இல்லீங்க."

"அதான பாத்தேன்."

"ஏ கிழவி, சும்மா இரு" என்றார் ஒலெகாரியோ. "டாக்டரம்மா, நான் வாக்குக் குடுக்கறேன். கையெழுத்தும் போடறேன். இந்தக் கை அந்த மூடிய தொடாது."

கையெழுத்துப் போட்டார். மார்ச்சும் ஏப்ரலும் அமர்க்களமாகப் போயின. இரண்டு பக்கமும் எடை ஏறிக்கொண்டே இருந்தது. ஒலெகாரியோ சனிக்கிழமை மாலைகளில் எடை எழுதிய நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி கடைத்தெருவில் நடப்பார். நாங்கள் அவரையும் டாக்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தோம். அவரும் மறுக்கவில்லை.

எங்கள் நாட்டில் ஜூனில் வர வேண்டிய குளிர் அந்த வருஷம் மே மாதமே வந்துவிட்டது. கூடவே எட்டு நாள் அடை மழை. பூவெல்லாம் கறுத்துக் கொட்டியது. மழை விட்டபின்பும் காலையில் பத்து மணி வரை பனிமூட்டம் இறங்கவில்லை. தேனீ வெளியே தலை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். என் பெட்டிகளுக்கு நான் வெல்லப்பாகு காய்ச்சி வைத்தேன். ஊரில் எல்லார் வீட்டிலும் அந்த வாரம் பாகு வாசனைதான். அந்தப் பன்னிரண்டு பெட்டிக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

எங்கள் ஆட்களுக்கு எடை பார்க்கத் தராசு தேவையில்லை. பெட்டியின் பின்பக்கம் இரண்டு விரலைக் கொடுத்து லேசாகத் தூக்கினால் உள்ளே எவ்வளவு தேன் என்று விரலே சொல்லிவிடும். ஒரு புதன்கிழமை ஒலெகாரியோ புதுத் தோப்புக்குப் போனார். பெட்டிக் காலில் கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போனதாகச் சொன்னார், அதுதான் அவருடைய முதல் பொய். ஒன்பதாம் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். காலிப் பெட்டி மாதிரி எழும்பி வந்தது. காதை வைத்துக் கேட்டார். குளிரில் ஒண்டிக் கிடக்கும் கூட்டத்தின் மெல்லிய முனகல் கேட்டது. வாசல் பலகையில் குஞ்சுத் தேனீக்களை இழுத்து வெளியே போட்டிருந்தன. தீனி இல்லாவிட்டால் அவை அப்படித்தான் செய்யும். அதைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். பிற்பாடு அதை எங்களிடம் சொல்லும்போதும் வந்தது.

மறுநாள் ஒரு சீசா பாகைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போய் ஒன்பதின் மேல் கவிழ்த்துவிட்டு வந்தார். ஆனால் ஒரு பெட்டிக்கு மட்டும் ஊட்டினால் பக்கத்துப் பெட்டிக்காரிகள் வாசனை பிடித்து வந்து கொள்ளையடித்துவிடுவார்கள். அதனால் அங்கிருந்த ஆறு பெட்டிக்கும் ஊட்ட வேண்டியதாயிற்று. ஒரு தடவை ஊட்டிவிட்டு அடுத்த வாரம் நிறுத்தவும் மனசு வரவில்லை. இப்படியாக வாரம் இரண்டு நாள் அவருக்குக் கறையான் தொல்லை அதிகமாகிப் போனது.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை மரிஸ்தெலா வந்து நோட்டைப் பார்த்தார். பார்த்தவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாருங்க ஒலெகாரியோ! இந்தக் குளிர்ல ரெண்டு தோப்புலயும் எடை கொறயல. ரெண்டு பக்கமும் ஏறத்தாழ ஒண்ணு போல நிக்குது. புது மரத்தால தேனீக்கு ஒரு கெடுதலும் இல்லைன்னுதான் இதுக்கு அர்த்தம். வர்ற சனிக்கிழம திருவிழாவுல உங்க சங்கத்துக்கு நானே சொல்றேன். அதுக்கடுத்த வாரம் அறிக்கைய மேல அனுப்பிடலாம்."

ஒலெகாரியோ தலையாட்டிவிட்டு நேரே என் கொட்டகைக்கு வந்தார். நான் தேன் எடுக்கும் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"சரி, என்ன இப்போ? ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நல்லதுதானே?" என்றேன்.

"அட, அதான்யா புரியல! நான் ஊட்டினது அந்தப் பக்கத்து ஆறுக்கு. இந்தப் பக்கத்து ஆறும் எப்படி எடை நிக்குது? அப்போ பழைய பூவுல இந்தக் குளிர்லயும் தேன் இருக்கு. புதுப் பூவுல இல்ல. என் பாகுதான் அந்த ஆறையும் தூக்கி நிறுத்தியிருக்கு. இத மறச்சா என்னாகும்? மல பூரா அந்த மரத்த நடுவான். நாப்பது குடும்பமும் பாழ், பங்காளி. உன் பெட்டியும்தான்."

"அந்தப் பக்கம் பள்ளம், பனி ஜாஸ்தி. அதனாலகூட இருக்கலாமே."

"இருக்கலாம். மரமா இருக்கலாம், பனியா இருக்கலாம். இனி யாருக்குத் தெரியும்? தெரிஞ்சுக்க இருந்த ஒரே வழிய நான் பாகு ஊத்தி மூடிட்டேன்."

அவர் சொன்னது உண்மை. ஆனாலும் நான் கோழை. "திருவிழா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பீன்ஸில் கரண்டியை விட்டு உழப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். டோர்வலினா காரணம் கேட்கவே இல்லை. அது ஏன் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

எங்கள் புனித ஜான் திருவிழா மதியமே களைகட்டிவிடும். அன்றைக்குக் கோயில் முற்றத்தில் தோரணம், வைக்கோல் தொப்பி, ஒட்டுப் போட்ட சட்டை, இஞ்சி போட்டுக் காய்ச்சிய கரும்புச் சாராயம், அரைத்த பச்சைச் சோளத்தை வாழையிலை மாதிரி சோளத்தோலில் மடித்து அவித்த பமோன்யா என்று ஒன்றும் குறையில்லை. டோர்வலினா வருஷா வருஷம் வெள்ளைச் சோளப் பாயசம் காய்ச்சுவாள். அந்தப் பெரிய அண்டாவைக் கிண்ட வேறு யாரையும் விடமாட்டாள். இத்தனையையும் விட எங்களுக்குக் காதல் தபால்தான் முக்கியம். மனசில் இருப்பதை இதயம் போல வெட்டிய ரோஜா நிறத் தாளில் பேர் போடாமல் எழுதிக் கொடுத்தால், தபால்காரி கொண்டுபோய் உரியவரிடம் சேர்ப்பாள். ஊரில் பாதிக் கல்யாணம் இப்படித் தொடங்கியதுதான். தபால்காரி டோனா ஜெனொவேவா, செத்துப்போன புருஷனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று நிற்பாள். அவளுக்கு ஒரு குணம் உண்டு. தாளைப் பிரிக்காமல் கொண்டுபோக அவளால் முடியாது. பிரித்துவிட்டால் ஒலிபெருக்கியில் படிக்காமலும் இருக்க முடியாது.

முகத்துக்கு நேரே சொல்லத் தெம்பில்லாத ஒலெகாரியோ, அந்த மத்தியானம் ஒரு ரோஜா நிறத் தாளை வாங்கினார். ஜெனொவேவாவின் குணத்தை ஊரே அறியும், அவரும் அறிவார். பதற்றத்தில் மறந்துவிட்டார்.

சங்கத் தலைவர் வால்டொமீரோ மேடையேறி மரிஸ்தெலாவைப் பேச அழைக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். ஜெனொவேவா அவர் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"இருய்யா தலைவரே, தபால் வந்திருக்கு! யாருக்குத் தெரியுமா? நம்ம டாக்டரம்மாவுக்கு!"

முற்றம் முழுக்க விசில். மரிஸ்தெலாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"கேளுங்க. 'டாக்டரம்மா, ஏழு முதல் பன்னிரண்டு வரை பசியில் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ரகசியமாக ஊட்டிவிட்டேன். மே மாதத்திலிருந்து ஊட்டுகிறேன். என்னை மன்னியுங்கள்.' அடி ஆத்தி, ஆறு பேரா! யாருய்யா அது, இவ்வளவு தாராளம்?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மரிஸ்தெலா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பமோன்யாவைத் தட்டில் வைத்துவிட்டு மெல்ல எழுந்து நின்றார். ஒலெகாரியோ என் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல கனமான கை.

"இரு இரு, இன்னொண்ணு இருக்கு, இதுவும் டாக்டரம்மாவுக்குத்தான்!" என்றாள் ஜெனொவேவா. "'ஏழு முதல் பன்னிரண்டு வரைக்கும் மட்டும் ஊட்டினால் கணக்கு கோணிப்போகும் என்பதால், ஒன்று முதல் ஆறு வரைக்கும் அதே அளவு ஊட்டப்பட்டது. இப்போது இரண்டு பக்கமும் சமம். கவலைப்பட வேண்டாம்.'"

என் தோளிலிருந்த கை விலகியது. ஒலெகாரியோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாயச அண்டாவை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"கிழவி! நீயா?"

டோர்வலினா கிண்டுவதை நிறுத்தவில்லை. "வெல்லக்கட்டி நாலு நாலாக் கொறயுது, சட்டையெல்லாம் பிசுக்குப் பிசுக்குன்னு ஒட்டுது, கறையான் பாக்கப் போறேங்கற. துவைக்கறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா என்னக் கேக்க வேண்டியதுதானே!"

"கேட்டா நீ அழுவ. அப்புறம் நிறுத்துவ. அதுங்க சாகும். டாக்டரம்மாவுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதானே? நீ அந்தப் பக்கம் குடுத்த, நான் ஞாயித்துக்கெழம பூச முடிச்சு இந்தப் பக்கம் குடுத்தேன். நியாயமாத்தான் செஞ்சேன். இன்னிக்கு நீ ரோஜாத் தாள் வாங்கறதப் பாத்துட்டு நானும் ஒண்ணு எழுதிப் போட்டேன்."

"அடிப்பாவி! நான் பழைய பூவுல தேன் ஊறுதுன்னு நெனச்சு ஒரு வாரமாச் சாப்பிடாமக் கெடக்கேன்!"

"சாப்பிடாததுக்கு நான் பொறுப்பில்ல. ஆக்கி வச்சேன்ல?"

அதற்குள் மரிஸ்தெலா வந்துவிட்டார். அவர் கேட்பதற்கு முன்பே ஒலெகாரியோ மேடைக்குப் போய், ஜெனொவேவாவிடமிருந்து ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார்.

"நாந்தான் ஊட்டினேன். மொதக் கடுதாசி என்னோடது. வாக்குக் குடுத்துட்டு மீறினேன். ரெண்டாவது என் சம்சாரம். அவளையும் என் கணக்குலயே வச்சுக்கங்க. எடையெல்லாம் பொய். மரம் நல்லதா கெட்டதான்னு அந்த நோட்டப் பாத்து யாரும் முடிவு பண்ணாதீங்க. அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. வால்டொமீரோ முகம் கடுகடுத்தது.

"சங்கத்து மானத்த வாங்கிட்டியே ஒலெகாரியோ! அரசாங்கம் நம்பி அனுப்பின அம்மா. இனி நம்மள எவன் மதிப்பான்? டாக்டரம்மா, இவர மாத்திடறோம். வேற நல்ல ஆளாப் போடறோம்."

மரிஸ்தெலா கோபமாகத்தான் இருந்தார். நான்கு மாத உழைப்பு. ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டிருக்கீங்க. குளிர்ல பெட்டி காலியாக் கெடக்கு, குஞ்சு வெளியே விழுது. உங்கள்ல யாரு ஊட்டாம இருந்திருப்பீங்க? கை தூக்குங்க."

முற்றத்தில் நாற்பது குடும்பத்து ஆட்களும் இருந்தோம். ஒரு கையும் எழவில்லை. வால்டொமீரோ தொப்பியைக் கழற்றி உள்ளே ஏதோ தேடினார்.

"அப்படின்னா தப்பு என் சட்டத்துலயும் இருக்கு" என்றார் மரிஸ்தெலா. "உங்க ஊர்ல யாராலயும் காப்பாத்த முடியாத சட்டத்தப் போட்டுட்டு நான் எடை பாத்துக்கிட்டிருந்திருக்கேன். ஏப்ரல் வரைக்கும் உள்ளது செல்லும், மத்ததக் கிழிச்சுப் போடறேன். அடுத்த பூவுல மறுபடியும் தொடங்கறோம். பெட்டிகள சீட்டுக் குலுக்கி எடம் மாத்தி, ரெண்டு தோப்புலயும் பாதிய மேட்டுலயும் பாதியப் பனி எறங்கற பள்ளத்துலயும் வைப்போம். எடை ஒரு அளவுக்குக் கீழ போனா பன்னண்டுக்கும் ஒரே நாள்ல, ஒரே அளவுல ஊட்டுவோம். ஒளிச்சு இல்ல, எழுதி வச்சு. அப்புறமும் ஒரு பக்கம் தளர்ந்தா, அது பனியா மரமான்னு தெரிஞ்சிடும்."

"ஆளு?" என்று கேட்டார் வால்டொமீரோ.

"இவங்க ரெண்டு பேருந்தான். பொய் சொன்னா சோறு எறங்காத ஆள் எனக்கு வேற எங்க கெடைப்பாங்க?"

அப்போது எழுந்த கைதட்டலில் வெளியே கட்டியிருந்த குதிரையெல்லாம் மிரண்டது. ஒலெகாரியோ அன்றைக்கு நான்கு கிண்ணம் பாயசம் குடித்தார். டோர்வலினா ஒவ்வொரு கிண்ணத்தையும் எண்ணிச் சொல்லிக் காட்டினாள்.

அடுத்த வருஷக் குளிரும் சும்மா விடவில்லை. இந்தத் தடவை மே கடைசி. எழுதி வைத்த அளவுக்குக் கீழே எடை போனதும் மரிஸ்தெலாவுக்குச் சேதி போனது, மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். பாகுப் பானையை டோர்வலினா தூக்கி வந்தாள். அளவுக்கு அவள் வீட்டுப் பீன்ஸ் கரண்டிதான். மரிஸ்தெலாவே அதை நிறுத்துப் பார்த்து ஏற்றுக்கொண்டிருந்தார். நோட்டில் 'ஊட்டியது' என்று புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டிருந்தது.

பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, சட்டைக்குள் எதையும் ஒளிக்காமல் ஒலெகாரியோ முதல் பெட்டிக்குப் பாகு ஊற்றினார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மகள் கல்யாணத்தில்கூட அப்படி இல்லை.

"ஒண்ணு, ஒரு கரண்டி" என்றார்.

"ஒண்ணு, ஒரு கரண்டி" என்று டோர்வலினா எழுதினாள்.

பழைய தோப்பு முடிந்து மலை சுற்றிப் புதுத் தோப்புக்கு வந்தோம். அங்கே ஆறில் மூன்று பெட்டி கனமாகவும் மூன்று லேசாகவும் இருந்தன. பனியா மரமா, அது மரிஸ்தெலாவின் கணக்கு முடிந்தால் தெரியும். எதுவானாலும் உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார், நாங்களும் அதை நம்புகிறோம். இடம் மாற்றியதில் ஒன்பதாம் பெட்டி பழைய தோப்புக்குப் போயிருக்கலாம். ஆனால் சீட்டுக் குலுக்கலில் அது மறுபடியும் இங்கேயே வந்து விழுந்திருந்தது. ஒலெகாரியோ இரண்டு விரல் கொடுத்து அதைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"எட்டு, ஒரு கரண்டி" என்று எழுதி முடித்த டோர்வலினா பேனாவுடன் காத்திருந்தாள்.

அவர் ஊற்றினார். கரண்டி காலியானது. ஆனாலும் கையை எடுக்காமல், பானையின் விளிம்பில் கரண்டியை லேசாக நனைத்து, ஒன்பதின் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒலெகாரியோ!" என்றார் மரிஸ்தெலா. அவர் குனிந்து வலையில் விதை எண்ணிக்கொண்டிருந்தார், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா."

டோர்வலினா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நோட்டைத் தொடையில் வைத்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"ஒம்பது, ஒரு கரண்டி, அதுக்கு மேல ரெண்டு சொட்டு."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுலயும் எழுதுங்க டோனா" என்றார் மரிஸ்தெலா.

டோர்வலினா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்தக் கட்டத்தில் புருஷன் பெயரை எழுதினாள்.

"மத்த பதினொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு சொட்டு வச்சிடுங்க" என்றார் மரிஸ்தெலா, விதையை எண்ணியபடியே. அங்கே மீதிப் பெட்டிகளை முடித்துவிட்டு, நாங்கள் பானையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஒன்றாம் பெட்டிக்கு மலை சுற்றி நடந்தோம்.